சந்து வாசல்

இராஜபாளையம்
5.7.1988

அன்புத் தம்பி முத்துராமலிங்கத்துக்கு,

அக்கா வெள்ளத்தாய் எழுதுவது. அந்த மலைக்குளிரில் உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? நான் அனுப்பிய தைலம் வந்து சேர்ந்ததா? எனக்கும் மாரிக்கனிக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. அவள் எட்டாம் வகுப்புக்குப் போகிறாள். உன் அத்தானுக்கு மில்லில் டபுள் ஷிப்ட். வீட்டுக்கு வருவதே அபூர்வம், வந்தாலும் படுத்துவிடுகிறார்.

ஆனித் தேருக்கு உன் பெண்டாட்டி ராக்கம்மாள் வருவதாகச் சொல்லியிருந்தாள். காலையிலிருந்து எதிர்பார்த்திருந்தேன். சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரி ஒரு பை மாம்பழத்தைக் கொண்டுவந்து நீட்டுகிறாள், "ஒங்க தம்பி வீட்டம்மா குடுத்துட்டுப் போனாவ" என்று. தெருவரைக்கும் வந்தவளுக்கு என் முகத்தைப் பார்க்க என்ன கேடு? மிலிட்டரிக்காரன் பெண்டாட்டி, மில் காலனியில் கால் வைத்தால் அழுக்கு ஒட்டிக்கொள்ளும் போலிருக்கிறது.

அது கிடக்கட்டும். நேற்று பஸ் ஸ்டாண்டில் நம் சேதுபதி சித்தப்பாவைப் பார்த்தேன். "என்ன தாயி, ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒங்க வீட்டுக்குப் பின்னால வண்டி வண்டியா செங்கல் எறங்குது, என்ன விசேசம்?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த வீட்டில் பிறந்தவள் நான், விழித்துக்கொண்டு நின்றேன். நீ சொல்லித்தான் நடக்கிறதா? இல்லையென்றால் கேட்டு எழுது. வெயிலில் திரிந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே என்று எழுதத்தான் நினைத்தேன், உங்கள் ஊரில் வெயிலே கிடையாதே.

அன்புள்ள அக்கா,
வெள்ளத்தாய்


56 ஏ.பி.ஓ.
24.7.1988

அன்புள்ள ராக்குவுக்கு,

முத்துராமலிங்கம் எழுதுவது. நான் சௌக்கியம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? தலைசுற்றல் வந்ததே, மருந்து வாங்கினாயா?

வீட்டுக்குப் பின்னால் செங்கல் இறங்குவதாகக் கேள்விப்பட்டேன். என்ன வேலை நடக்கிறது? எனக்கு ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். இங்கே ஒரு தகரக் கொட்டகைக்குள் பன்னிரண்டு பேர் படுத்திருக்கிறோம். நம் வீட்டை நினைத்துக்கொண்டுதான் தூங்குகிறேன். அந்த வீட்டில் எனக்குத் தெரியாமல் ஒரு கல் நகர்ந்தாலும் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. உடனே பதில் போடு.

அன்புடன்,
முத்துராமலிங்கம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
9.8.1988

என் வீட்டுக்காரர் அவர்களுக்கு,

ராக்கம்மாள் எழுதிக்கொண்டது. தலைசுற்றல் நின்றுவிட்டது. நீங்கள் கம்பளிக்குள் கம்பளி போட்டுப் படுங்கள், மூட்டில் ஈரம் ஏற விடாதீர்கள்.

பெரிய வேலை ஒன்றும் இல்லை. போன மழையில் விறகு எல்லாம் நனைந்து அடுப்பு எரியாமல் பட்ட பாடு போதும். எருமையையும் கொடுத்துவிட்டேன், வயதாகிவிட்டது. தொழுவம் சும்மாதானே கிடக்கிறது, அதைக் கொஞ்சம் எடுத்துக் கட்டி விறகு போட்டுக்கொள்ளலாம் என்று ஆண்டிச்சாமி கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன். கிணற்றில் தண்ணீர் கிடக்கிறது. கொய்யா காய்த்திருக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

இப்படிக்கு,
ராக்கம்மாள்


இராஜபாளையம்
18.8.1988

அன்புத் தம்பிக்கு,

உன் உடம்பு சுகம்தானே? எனக்குக் கொஞ்சம் தலைவலி. அது வந்த காரணத்தைத்தான் எழுதப்போகிறேன்.

ஆடிப்பூரத் தேர் பார்க்க மாரிக்கனியைக் கூட்டிக்கொண்டு வந்தேன். உன் அத்தானுக்கு வேலை, வரவில்லை. தேர் நிலைக்கு வந்த பிறகு நம் வீட்டுக்குப் போனேன். உன் பெண்டாட்டி காப்பி போட்டுக் கொடுத்தாள், குறை சொல்லக் கூடாது. ஆனால் பின்கட்டுக் கதவைச் சாத்தி வைத்திருந்தாள். கை கழுவப் போகிறேன் என்று திறந்துகொண்டு போனேன்.

தம்பி, தொழுவம் இருந்த இடத்தில் ஒரு வீடு நிற்கிறது. மண் சுவரெல்லாம் போய்ச் செங்கல் சுவர். மேலே ஓடு. "என்னட்டி இது?" என்றேன். "விறகு போட மதினி" என்கிறாள், என் முகத்தைப் பார்க்காமல். "ஏட்டி, விறகுக்கு எதுக்குடி சன்னலு?" என்றேன். "காத்து வேணும்லா மதினி" என்கிறாள். உள்ளே எட்டிப் பார்த்தால் ஒரு மூலையில் அடுப்புத் திட்டு, அதற்கு மேல் புகைபோக்கி. ஓரமாக ஒரு கக்கூஸ். உன் வீட்டு விறகு தானே சமைத்துச் சாப்பிட்டுக் கொல்லைக்கும் போகும் போலிருக்கிறது!

இதை எல்லாம் விட்டுவிடுவேன். பின்பக்கச் சந்தைப் பார்த்து ஒரு வாசல் வைத்திருக்கிறாள். தனி நிலை, தனிக் கதவு. மஞ்சளும் குங்குமமும் இன்னும் ஈரம் காயாமல் நிலையில் இருக்கிறது. பிறந்த பெண் நான் உயிரோடு இருக்கும்போது என்னைக் கூப்பிடாமல் நிலை வைத்திருக்கிறாள். நம் சாதிசனத்தில் இப்படி நடந்து நான் கேட்டதே இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதுவிட்டேன்.

தனி அடுப்பு என்றால் வேறு குடும்பம். தனி வாசல் என்றால் அந்தக் குடும்பம் போவதும் வருவதும் நமக்குத் தெரியக்கூடாது. யாருக்காக? அவள் தம்பி கூமாப்பட்டியில் வேலைவெட்டி இல்லாமல் திரிகிறான். எருமையும் அங்கேதான் போயிருக்கும். அல்லது வீடு வேறு யாருக்காவதோ. ஆம்பளை இல்லாத வீட்டில் சந்துப் பக்கம் வாசல் எதற்கு? நான் ஒன்றும் சொல்லவில்லை. ஊர் சொல்லும். ஊர் வாயை உலைமூடியால் மூட முடியுமா?

மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
வெள்ளத்தாய்


56 ஏ.பி.ஓ.
6.9.1988

ராக்கம்மாளுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன்.

விறகு போடும் இடத்துக்கு ஜன்னலும் அடுப்பும் கக்கூசும் வைத்தாய் என்று தெரிந்துகொண்டேன். பொய் சொல்லுகிற பழக்கம் உனக்கு எப்போது வந்தது? கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் நான் உன்னை ஒரு வார்த்தை சந்தேகமாகக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். அந்த அறை யாருக்கு? உன் தம்பிக்கா? சந்து வாசல் எதற்கு? அக்காவை ஏன் நிலை வைக்கக் கூப்பிடவில்லை?

ராத்திரி காவல் நிற்கும்போது துப்பாக்கியைப் பிடித்திருக்கிறேனே தவிர, கண்ணில் அந்த வாசல்தான் நிற்கிறது. எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

முத்துராமலிங்கம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
15.9.1988

என் வீட்டுக்காரர் அவர்களுக்கு,

ராக்கம்மாள் எழுதிக்கொண்டது. நீங்கள் நல்லபடி இருக்க ஆண்டாளை வேண்டிக்கொள்கிறேன்.

விறகு என்று எழுதியது பொய்தான். கூமாப்பட்டியிலிருந்து யாரும் இங்கே குடிவரப் போவதில்லை, என் தம்பி மேல் ஆணை. மற்றதைக் கடிதத்தில் எழுத முடியாது. அது என்னுடைய விஷயமாக இருந்தால் எழுதிவிடுவேன். நீங்கள் லீவில் வந்து என் எதிரில் உட்காருங்கள், சொல்கிறேன். அதுவரைக்கும் என்னை நம்புங்கள் என்று கேட்கிறேன். இதற்கு முன்னால் நான் உங்களிடம் எதுவும் கேட்டதில்லை.

ராக்கம்மாள்


இராஜபாளையம்
4.10.1988

அன்புத் தம்பிக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எழுத்து கோணலாக இருக்கும். கையில் கஞ்சி கொட்டிவிட்டது, பெரிதாக ஒன்றும் இல்லை. மாரிக்கனி எழுதித் தருகிறேன் என்றாள், இந்த விஷயத்தை எல்லாம் பிள்ளையைக் கொண்டு எழுதச் சொல்ல முடியுமா?

புரட்டாசி முதல் சனிக்கிழமை நம் ஊர்த் திருவண்ணாமலைக் குன்றில் பெருமாளைச் சேவித்துவிட்டு வருகிற வழியில் அந்தச் சந்துப் பக்கமாக ஒரு நடை போனேன். வேண்டுமென்றுதான் போனேன், ஒளிப்பானேன். கதவு திறந்திருந்தது. உள்ளே புதுப்பாய் இரண்டு சுருட்டி வைத்திருக்கிறாள். மண்பானை, சட்டி, அகப்பை, எல்லாம் புதுசு. ஆண்டிச்சாமி கொத்தனார் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். "யாருக்குய்யா இந்த வீடு?" என்று கேட்டேன். "எனக்கென்ன தாயி தெரியும், அந்த அம்மா வாயத் தொறக்க மாட்டேங்காவ. ஆனா சந்து வாசல மட்டும் மொதல்ல முடிங்கன்னு ஒரே பிடியா நிக்காவ" என்றார்.

கேட்டாயா? வாசல்தான் முக்கியமாம்.

"லீவில் வந்தால் சொல்கிறேன்" என்று எழுதினாள் என்று எழுதியிருக்கிறாய். நீ வருவதற்குள் அங்கே யாராவது குடியேறிவிட்டால் எப்படிக் கிளப்புவாய்? ஆள் உட்கார்ந்த இடத்தில் சட்டம்கூட அவன் பக்கம்தான் பேசும். அது நம் ஐயா கட்டிய வீடு. எனக்கென்று இந்த உலகத்தில் ஒரு பிறந்த வீடு இருக்கிறது என்ற தைரியத்தில்தான் இருந்துகொண்டிருக்கிறேன். அதுவும் கைமாறிவிட்டால் நான் எங்கே போவேன் தம்பி? அந்த வாசலை அடைக்கச் சொல். மற்றதை நீ வந்து பார்த்துக்கொள்ளலாம்.

உன் அத்தான் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

அக்கா,
வெள்ளத்தாய்


56 ஏ.பி.ஓ.
15.10.1988

ராக்கம்மாளுக்கு,

நலம். சந்து வாசலை அடைத்துவிடு. கதவு நிலையை எடுக்க வேண்டாம், செங்கல் வைத்துப் பூசிவிடச் சொல். சேதுபதி சித்தப்பாவுக்கும் எழுதியிருக்கிறேன், அவர் கூட நின்று பார்த்துக்கொள்வார். அடைத்தபிறகு எனக்கு எழுது. அதுவரை உன் கடிதம் எதையும் நான் பிரிக்கப் போவதில்லை.

முத்துராமலிங்கம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
1.11.1988

என் வீட்டுக்காரர் அவர்களுக்கு,

அடைத்தாயிற்று. ஆண்டிச்சாமி கொத்தனார் "நெசமாத்தான் சொல்லுதியளா தாயி" என்று கேட்டுக் கேட்டு அடைத்தார். சேதுபதி சின்ன மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். தெருவும் பார்த்தது. எதற்காக அடைக்கிறார்கள் என்று அவரவருக்குத் தோன்றியதைப் பேசிக்கொண்டார்கள். என் காதிலும் விழுந்தது.

தீபாவளிக்குப் பலகாரம் அனுப்பியிருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ராக்கம்மாள்


56 ஏ.பி.ஓ.
10.12.1988

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. கை ஆறிவிட்டதா? அத்தான், மாரிக்கனி எல்லோரும் சௌக்கியமா? இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நீ சொன்னபடி வாசலை அடைத்தாயிற்று. சித்தப்பாவும் எழுதிவிட்டார். இனிமேல் நீ கவலைப்பட வேண்டியதில்லை. அது உன் பிறந்த வீடு, என்னைக் கேட்காமல் யாரும் அதில் நுழைய முடியாது.

எனக்கு நிம்மதி வரவேண்டும், வரவில்லை. ராக்கு எழுதுகிற கடிதத்தில் கிணறும் கொய்யாவும்கூட இப்போது இல்லை. பதில் போடு.

தம்பி,
முத்துராமலிங்கம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
27.12.1988

என் வீட்டுக்காரர் அவர்களுக்கு,

ராக்கம்மாள் எழுதிக்கொண்டது. எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அதை முதலில் எழுதிவிடுகிறேன். மற்றதை உட்கார்ந்து படியுங்கள்.

நீங்கள் இராஜபாளையத்துக்குக் கடிதம் எழுதியிருந்தால் அது மதினி கைக்குப் போயிருக்காது. அவர்கள் அங்கே இல்லை. இங்கே இருக்கிறார்கள்.

போன செவ்வாய்க்கிழமை உச்சி வெயிலில் சந்து வீட்டுச் செல்லத்தாய் ஓடிவந்தாள். "ஏட்டி ராக்கு, ஒன் மதினி டிரங்குப்பெட்டியோட சந்துல வந்து நின்னா. நீ அடைச்ச வாசல் முன்னால நின்னு செவத்தத் தடவிப் பாத்தா. பொறவு பிள்ளையக் கூட்டிட்டுத் திரும்பிப் போயிட்டா" என்றாள். போட்டது போட்டபடி ஓடினேன். ஸ்டாண்டில் இராஜபாளையம் பஸ்ஸில் அம்மாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

"எறங்குங்க மதினி" என்றேன்.

"ஆண்டாளக் கும்பிட வந்தேன். கும்பிட்டாச்சு. போறேன்" என்றார்கள்.

"கோயிலுக்கு டிரங்குப்பெட்டி எதுக்கு மதினி?"

டிரைவர் ஹாரன் அடிக்கிறார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். பெட்டி போகிறதே என்று அவர்களும் இறங்கினார்கள்.

இனிமேல் மறைத்துப் புண்ணியம் இல்லை. ஆனித் தேருக்கு நான் மில் காலனிக்குப் போனேன். வாசலில் நின்று பார்த்தபோது மதினி வீட்டு முன்னறையில் வேறொரு பெண் மதினியின் சேலையைக் கட்டிக்கொண்டு தலை வாரிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உங்கள் அத்தான் சங்கிலிப்பாண்டி அண்ணன் படுத்திருந்தார். பின்கட்டில் விறகுக்குப் பக்கத்தில் ஒரு சாக்கு விரித்திருந்தது. மதினியும் பிள்ளையும் அதில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பங்குனியிலிருந்தே இப்படித்தான் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்தால் மதினி செத்துப்போவார்கள். அதனால்தான் மாம்பழத்தை அவளிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

"எங்களோடு வந்திருங்கள்" என்றால் வருகிற ஆளா உங்கள் அக்கா? தம்பி பெண்டாட்டி கையால் வாங்கிச் சாப்பிட மாட்டார்கள். நானும் ஒன்றும் தெய்வப்பிறவி இல்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரே அடுப்படியில் நின்றால் மூன்றாம் நாள் கரண்டி பறக்கும். அதனால்தான் தனி அடுப்பு வைத்தேன். முன்தெரு முழுக்கச் சொந்தக்காரர்கள். பெட்டியோடு அந்த வழியாக வந்தால் வீட்டுப்படி ஏறுவதற்குள் "வாழாவெட்டி" என்று பத்து வாய் சொல்லிவிடும். அதனால் சந்தில் வாசல் வைத்தேன். அவர்களைக் கூப்பிட்டு நிலை வைத்தால் யாருக்கு என்று கேட்பார்கள். நான் என்ன சொல்வது? எருமையை விற்றுத்தான் கட்டினேன். என் பிறந்த வீட்டுக்கு எதுவும் போகவில்லை.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்பீர்கள். போன லீவில் அண்ணன் சாப்பாட்டுக்கு நடுவே ஏதோ சொன்னதற்கே நீங்கள் அரிவாளைத் தேடினீர்கள். நான்தான் ஒளித்து வைத்தேன். இது தெரிந்திருந்தால் நீங்கள் துப்பாக்கியோடு வந்திருப்பீர்கள். பிறகு மதினிக்குப் புருஷனும் இல்லை, தம்பியும் இல்லை, எனக்கும் யாரும் இல்லை. மதினி வாயால் சொல்லாத மானத்தை நான் கடிதத்தில் எழுதி அனுப்பவும் மனசு வரவில்லை.

கையில் கஞ்சி கொட்டவில்லை. அண்ணன் கொதிக்கக் கொதிக்கத் தட்டிவிட்டது. அவர்கள் வந்ததற்கு முந்தின நாள் மாரிக்கனியையும் அடித்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் மதினி பெட்டியை எடுத்திருக்கிறார்கள். முன்தெரு வழியாக வர வெட்கப்பட்டு, வேவு பார்த்த அந்த வாசலை நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். தான் சொல்லித்தான் அதை அடைத்தது என்றாலும், ஒரு பேச்சுக்கு அடைக்காமல் விட்டிருப்பேன் என்று நம்பினார்களோ என்னவோ.

நான் கடப்பாரையை எடுத்தேன். சின்ன மாமா ஓடிவந்து, "ஏட்டி, அவன் சொல்லி அடைச்ச வாசல்" என்று கத்தினார். "அவியளுக்கு நான் எழுதிக்கிடுதேன் மாமா, தள்ளுங்க" என்றேன். கல் விழ விழ மதினி பார்த்துக்கொண்டே நின்றார்கள். "யாருக்குட்டி இது?" என்று கேட்டார்கள். "ஒங்களுக்குத்தான்" என்றேன். தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

இதைப் படித்ததும் லீவு கேட்காதீர்கள். அண்ணனுக்கு எழுதாதீர்கள். வருகிறபோது வந்தால் போதும், வெறுங்கையோடு வாருங்கள்.

இன்னொன்று. அந்த வாசல் எதற்கு என்று நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்று எனக்குத் தெரியும். தெரு பேசியது வலிக்கவில்லை. நீங்கள் நினைத்தது வலிக்கிறது. இன்னும் வலிக்கிறது.

ராக்கம்மாள்


ஸ்ரீவில்லிபுத்தூர்
17.1.1989

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. பொங்கல் நல்லபடி முடிந்தது. உன் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன், தை பிறந்துவிட்டதே. மாரிக்கனியை இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறது. நான் சில நாள் தங்கலாம் என்று வந்திருக்கிறேன். உன் அத்தானுக்கு வேலை அதிகம்.

இந்த அறையில் ஜன்னல் சின்னது. விறகுக்குப் போதும், மனுஷருக்குப் போதாது. ஆண்டிச்சாமி வைத்த புகைபோக்கி பாதிப் புகையை உள்ளேயே விடுகிறது. உன் பெண்டாட்டியிடம் சொன்னால் "அடுப்ப ஊதுற விதத்துல ஊதுங்க மதினி" என்கிறாள். எனக்கே அடுப்பு ஊதச் சொல்லித் தருகிறாள்! நீ அவளுக்கு எழுதிய கடிதம் வந்தது. படித்தாள், மடித்தாள், அடுக்குப்பானைக்குள் வைத்துவிட்டாள். என்ன எழுதியிருக்கிறான் என்று கேட்டேன். "சுகமா இருக்காவளாம்" என்கிறாள். நான்கு பக்கத்துக்குச் சுகமா இருக்கிறேன் என்று யாராவது எழுதுவார்களா? கள்ளி. ஆனால் சாயங்காலம் கொய்யா பறிக்கும்போது பாடிக்கொண்டிருந்தாள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பொங்கலன்றைக்கு என் அடுப்பில் நானே பானை வைத்தேன். பால் பொங்கி வருகிற நேரம் ராக்கு வந்து சந்து வாசலில் நின்றாள். வீட்டுக்குள்ளேயே வழி இருக்கிறது. அதை விட்டுவிட்டு முன்தெருவில் இறங்கி, சுற்றிக்கொண்டு, சந்து வழியாக வந்திருக்கிறாள். கையில் கரும்பு. "உள்ள வரலாமா மதினி?" என்றாள்.

நானும் பதினாறு வருஷம் ஒரு வீட்டில் குடும்பம் நடத்தினேன் தம்பி. அங்கே யார் யாரோ வந்தார்கள். வரலாமா என்று என்னை ஒருத்தரும் கேட்டதில்லை. "வாட்டி" என்று சொல்லச் செத்த நேரம் ஆகிவிட்டது. அதுவரைக்கும் அவள் வெயிலில் நின்றுகொண்டே இருந்தாள்.

உன் அக்கா,
வெள்ளத்தாய்